வைக்காத விளக்கு

"நான் வைக்கல்லக்கா" என்று ரெஜின் மூன்றாவது தடவையாகச் சொன்னான், பெனிலா அக்கா மூன்றாவது தடவையாக அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மெயிலை மறுபடி முதலிலிருந்து உரக்க வாசித்தாள். சென்னையில் இருக்கிற வசீகரன் என்கிற ஆள் எழுதியது, கேம்களை எடுத்து வெளியிடுகிற கம்பெனிக்காரர், அவர் சரி என்றால் இந்த மாடியில் இருக்கிற மூன்று பேருக்கும் இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு வேலை உண்டு, இல்லை என்றால் அடுத்த மாசம் கதவைப் பூட்டிச் சாவியைக் கீழே நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான், இதை அக்காவே போன திங்கட்கிழமை ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தாள். 'மூன்றாவது லெவலில், முந்திரி உடைக்கிற ஷெட்டுக்கு வெளியே உள்ள நடையில், சுவருக்கு அடியில் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும் அந்த ஒரு கீற்று வெளிச்சம். அங்கே வந்ததும் நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அதை வைத்தவரோடு பேச வேண்டும், இன்று பன்னிரண்டு மணிக்கு.' "கேட்டியா மக்ளே, கண்ட்ரோலர கீழ வச்சிட்டாராம்" என்று அக்கா சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது, பெங்களூரில் எட்டு வருஷம் வேறு யாருடைய கேமுக்கோ மரமும் புல்லும் நட்டுவிட்டு வடசேரிக்குத் திரும்பி வந்தவள், அவள் கேமுக்காக இதுவரை யாரும் எதையும் கீழே வைத்ததில்லை. "அவரு கேப்பாரு, இது யோசிச்சு வச்சதான்னு. ஆமா சார்னு சொல்லு. சொல்லிட்டு மைக்க ஆஃப் பண்ணிரு. மிச்சத்த நான் பாத்துக்கிடுகேன்." "ஆனா யோசிக்கல்லியே." "எலேய்" என்றான் தாணு அண்ணன், கேமுக்குப் புரோகிராம் எழுதுகிறவன், ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்ஃபோனை விலக்கி, "ஆமாங்கது ரெண்டெழுத்து. ஒனக்க வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?" மணி பதினொன்று இருபது.

வெளியே நல்ல வெயில், ஆனால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்ததால் உள்ளே எப்போதும்போல மாட்னி ஷோ இருட்டு, திரையில் இருக்கிற வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வெளியே இருக்கிற வெளிச்சத்தை அடைக்க வேண்டும், தேங்காய் எண்ணெய் வாசனையை மட்டும் எந்தத் துணியும் அடைக்கவில்லை. ரெஜின் மூன்றாவது லெவலைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா இல்லை, லைட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். பதினாலு. கேமில் கதை இவ்வளவுதான், முந்திரி ஆலையில் வேலை முடிந்து அம்மா வெளியே வரவில்லை, ஆலையைப் பூட்டிவிட்டார்கள், மகள் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு உள்ளே தேடிப் போகிறாள். அந்த இருட்டில் எங்கே எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்பது அவன் வேலை. தாணு அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டான், சுவரில் முன்கூட்டியே சுட்டு ஒட்டிவைக்கிற வெளிச்சம் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள், அது அசையாது, செலவும் இல்லை, ஆனால் டைனமிக் லைட் அப்படி இல்லை, ஒவ்வொரு நொடியும் கம்ப்யூட்டர் புதுசாகக் கணக்குப் போட வேண்டும், ஆள் குறுக்கே போனால் நிழல் போக வேண்டும், சாக்கு ஆடினால் நிழல் ஆட வேண்டும், "சுட்ட பப்படம் வேற, எண்ணெயில கிடந்து பொரியுக பப்படம் வேற, ஒரே சட்டியில இருவது போட்டா எல்லாம் பச்சையா வரும்", அதனால் லெவலுக்குப் பதினாலு, ஒரு நேரத்தில் எரிவது நாலுக்கு மேல் கூடாது. ஆகவே ரெஜின் பதினாலையும் பட்டினி கிடந்தவன் சோறு பங்கு வைக்கிற மாதிரி வைத்தான். ஒன்பதாவது லைட் இருக்கிறதே, தொங்குகிற சாக்குக்குப் பின்னால், அதை வைக்க அவனுக்கு நாலு நாள் ஆனது. மகள் பக்கத்தில் போனால் சாக்கு லேசாக ஆடும், ஆடினால் அதன் நிழல் எதிர்ச் சுவரில் வரிசையாக இருக்கிற மணைகள் மேல் ஏறி இறங்கும், யாரோ வேலை செய்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும். லைட்டை ஒரு விரற்கடை நகர்த்தினால் அந்த 'மாதிரி' போய்விடும், வெறும் சாக்கு நிழல் ஆகிவிடும். நாலு நாள். விளையாடிப் பார்க்க வந்த பன்னிரண்டு பேரும் அந்த இடத்தைக் கடந்துபோக எடுத்தது மூன்று நொடி, அவன் பின்னால் நின்று எண்ணினான், ஒருத்தர்கூட சுவரைப் பார்க்கவில்லை. அப்புறம் நடைக்கு வருவார்கள். வந்ததும் நிற்பார்கள். சுவருக்கு அடியில் அந்தக் கீற்று. ஒரு பெண் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், அங்கே சத்தமே வைக்கவில்லை, இருந்தாலும் உற்றுக் கேட்டாள், "உள்ள யாரோ இருக்காங்க" என்றாள். உள்ளே யாரும் இல்லை. அது ஆலையைச் சேர்ந்த இடமே இல்லை. சாமான் போட்டுவைக்க லெவலின் ஓரத்தில் அவன் கட்டிக்கொண்ட அறை அது, டிரம், கூடை, நாற்காலி எல்லாம் அங்கே குவித்துவைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்வான், இருட்டில் எது எங்கே இருக்கிறதென்று தெரிவதற்காக வறுக்கிற அடுப்பின் லைட்டைக் காப்பி எடுத்து அங்கே போட்டிருந்தான், வேலை முடிந்ததும் அழிக்க மறந்துவிட்டான். அடுப்பு லைட் என்பதால் அது தணல் மாதிரி ஏறி இறங்கும். நிழல் போடுகிற வசதியை நிறுத்தியிருந்தான், நிழல் இல்லாத லைட்டுக்குச் சுவர் என்று ஒன்று இருப்பதே தெரியாது, நேராகத் துளைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடும், இது இந்த வேலையில் முதல் வாரத்தில் செய்கிற தப்பு, அவன் எட்டாவது மாசத்தில் செய்திருந்தான். சுவர் மறுபக்கம் பார்த்திருப்பதால் இருட்டாகவே நின்றது, தரை மட்டும் அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான் அந்த மூச்சு.

வசீகரன் சாருக்குப் பதினாலில் ஒன்றுகூடப் பிடிக்காமல் போயிருந்தால் பரவாயில்லை, திட்டியிருந்தால்கூடச் சரி. பதினைந்தாவதைப் பிடித்துப்போனதுதான் உறுத்தியது, அவன் வைக்காததை. இதற்கு என்ன பேர் என்று ரெஜின் யோசித்தான், பொறாமை என்றுதான் வந்தது, தான் மறந்துபோன ஒன்றின்மேல் தனக்கே பொறாமை, கேவலமாக இருந்தது, கேவலமாக இருந்தாலும் அதுதான், வேறு பேர் வைத்தால் பொய். அவன் உண்மை சொல்கிறவன் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், பாராட்டாக இல்லை, நாய் கடிக்கும் என்று கேட்டில் எழுதி மாட்டுவதுபோலச் சொல்வார்கள். ரெண்டு மாசத்துக்கு முன்னால் கூடப்பிறந்த ஷைனி அக்காவைப் பெண் பார்க்கக் கருங்கலில் இருந்து வந்தார்கள். அம்மா அக்காவின் கண்ணாடியைக் கழற்றி வாங்கி ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டாள், அக்கா டீ தட்டோடு சுவரைத் தடவாத குறையாக நடந்து வந்தாள், ரெண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு. மாப்பிள்ளையின் அம்மா முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டே ரெஜினிடம்தான் கேட்டாள், அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், "இவ்வளவு படிச்ச பிள்ளை, கண்ணாடி ஒண்ணும் போடல்லியே, நல்ல கண்ணு, இல்லியா தம்பி?" "கண்ணாடி இல்லேன்னா நீங்க யாருன்னே அவளுக்குத் தெரியாது ஆன்ட்டி" என்றான். அவனுக்கு இன்றைக்கும் அது சாதாரணமான பதில்தான், கேட்டாள், சொன்னான். அவர்கள் டீயைக் குடித்தார்கள், முந்திரிக்கொத்தை முடித்தார்கள், போனார்கள், அப்புறம் போன் வரவில்லை. அம்மா மூன்று நாள் திட்டினாள், அது மழை மாதிரி, நனைந்தால் காய்ந்துவிடும். ஷைனி அக்கா திட்டவில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "நீ உண்மையத்தான் சொன்ன, சரி. ஆனா அது எனக்க உண்மையில்லியா டா? அத ஒனக்க கையில யாரு தந்தா?" என்றாள். அதிலிருந்து பேசுவதில்லை. அந்த வாக்கியம் மீன் முள் மாதிரி, விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வருகிறது, லைட்டின் வட்டத்தைச் சின்னதாக்கிக்கொண்டிருக்கும்போது வருகிறது, இப்போதும் வந்தது. இந்தக் கீற்று யாருடைய உண்மை? அவன்தான் மறந்தான், அப்படியென்றால் அவனுடையது. ஆனால் பன்னிரண்டு மணிக்கு அதைச் சொன்னால் உடைவது அவன் மட்டும் இல்லை. தாணு அண்ணன் பெண்டாட்டி எட்டு மாசம், சுசீந்திரத்திலிருந்து ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், வேலை தேடி வெளியூர் போக அவனால் இப்போது முடியாது. பெனிலா அக்கா வீட்டில் அவள் அப்பா இன்னும் பேசுவதில்லை, பெங்களூர் வேலையை விட்ட அன்றோடு நிறுத்தியவர். உண்மை சொல்கிறவனுக்கு என்ன, சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான், உட்கார்ந்து துணி மடிப்பது வேறு யாரோ.

அதனால் பொய்யைச் சொல்லிப் பார்த்தான், மனசுக்குள்ளே. ஆமா சார். யோசிச்சு வச்சேன் சார். வாயில் வெந்நீர் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது, கன்னம் உப்பியது. மவுஸைப் பிடித்து நடைக்குப் போனான், சுவரைத் தாண்டி அந்த அறைக்குள் போனான், கேமைக் கட்டுகிற எடிட்டரில் இருக்கிறவனுக்கும் சுவர் கிடையாது. டிரம் ஏழு. கூடைகள். கால் ஒடிந்த நாற்காலி. நடுவில், மறந்தே போயிருந்தான், சாம்பல் நிறத்தில் ஒரு ஆள், முகம் கிடையாது, கை ரெண்டும் பக்கவாட்டில், கதவின் உயரம் சரியா, மேஜை உயரம் சரியா என்று அளவு பார்க்க எல்லோரும் வைத்துக்கொள்கிற உருவம், அதையும் இங்கே போட்டுவைத்திருந்தான். அடுப்பு லைட் ஏறியபோது சாம்பல் ஆள் மேல் சிவப்பு ஏறியது, இறங்கியபோது இறங்கியது. உள்ளே யாரோ இருக்காங்க. அவனுக்குப் பிடரியில் குளிர்ந்தது, பகல் பதினொன்றரை மணி, கீழே சிப்ஸ் சீவுகிற சத்தம் கேட்கிறது, பயப்பட ஒன்றுமே இல்லை, இருந்தாலும் குளிர்ந்தது. அப்போதுதான் முதல் காரணம் வந்தது. அம்மாவைத் தேடிப் போகிற பெண்ணுக்கு அடுப்பின் நிறத்தைவிட வேறு எது நம்பிக்கை கொடுக்கும்? நல்ல காரணம். அடுத்ததும் உடனே வந்தது, கதவில்லாத இடத்தில் வெளிச்சம் வைத்தால் விளையாடுகிறவர் அங்கே போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது, அதுதானே இந்தக் கேமே. அடேயப்பா. தரையில் மட்டும் விழுந்தால்தான் விளையாடுகிறவருக்குக் குனிந்து பார்க்கத் தோன்றும். பதினாலு லைட்டும் பழகிப்போன பிறகு வருவதால்தான் இது உறைக்கிறது. காரணங்கள் வரிசையில் நின்று வந்துகொண்டே இருந்தன, ரேஷன் கடை திறந்த மாதிரி, ஒன்றுகூடப் பொய்யாகத் தெரியவில்லை, இன்னும் பத்து நிமிஷம் விட்டால் தானே வைத்ததாகத் தனக்கே ஞாபகம் வந்துவிடும் போலிருந்தது, எந்தக் கிழமை, என்ன சட்டை போட்டிருந்தான் என்பது உட்பட. அது சாம்பல் ஆளைவிடப் பயமாக இருந்தது. லைட்டின் மேல் கிளிக் செய்தான். பேர் அப்படியே இருந்தது: 'ஓவன் காப்பி 2'. யோசித்து வைக்கிறவன் எவனும் அப்படிப் பேர் வைக்க மாட்டான். அவனுடைய பதினாலுக்கும் பேர் உண்டு, சாக்கு, தொட்டி, மேஸ்திரி மேஜை, கடைசிக் கதவு. அழிக்கிற பட்டனுக்கு மேல் விரல் தானாகப் போய் நின்றது. "தொடாத" என்றாள் பெனிலா அக்கா, அவன் திரையை அவள் பார்க்கவே இல்லை, எப்படித் தெரிந்ததோ.

"நான் ஒண்ணும் செய்யல்ல." "செய்யாண்டாம். அப்படியே இருக்கட்டும்." அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள், கையில் பாதி தின்ற சிப்ஸ் பொட்டலம், அவனுக்கும் நீட்டினாள். "ஒனக்கு என்ன பிரச்சனை மக்ளே? எல்லாரும் செய்யுகதுதான் இது. நல்லா வந்தா நாம செஞ்சது, கெட்டுப் போனா கம்ப்யூட்டர் செஞ்சது." "அவரு இன்னொண்ணு கேப்பாருக்கா." "என்ன?" "இதே மாதிரி அடுத்த லெவல்லயும் வையின்னு." அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். "வச்சிரு." "எப்படி வைக்க? நான் மறந்ததுதானே இது. மறக்கணும்னு நெனச்சு எப்படி மறக்க?" தாணு அண்ணன் சிரித்துவிட்டான், "இவன் வக்கீலுக்குப் போயிருக்கணும், பள்ளிக்கூடத்தையும் விட்டுட்டான்" என்றான். "அதையும் அவரு கேப்பாரு" என்றாள் அக்கா, "ஏன் விட்டன்னு. சும்மா பிடிக்கல்லன்னு சொல்லித் தொலைக்காத, என்ன? வீட்டுல கஷ்டம்னு சொல்லாண்டாம், அது பொய், ஆனா சும்மா இரு, அவரே எதையாவது நெனச்சுக்கிடட்டும்." அதுதான் அவனுக்குப் புரியாத விஷயம். பதினொன்றாம் வகுப்பு பாதியில் அவன் வெளியே வந்தபோது யாரும் விரட்டவில்லை, ஃபெயில் ஆகவில்லை, வீட்டில் பட்டினி இல்லை, அப்பாவுக்கு மார்த்தாண்டத்தில் டயர் கடை நன்றாகவே போகிறது. உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, எழுந்து வந்தான். கேட்கிற யாருக்கும் அது போதவில்லை. மாமா ஒருத்தர் பெண் விவகாரம் என்றார், டீச்சர் அடித்திருப்பாள் என்றாள் பக்கத்து வீட்டுச் சேச்சி, ஃபாதர் தனியாகக் கூப்பிட்டு மகனே எதுவானாலும் சொல் என்றார். சுவருக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் ஜனங்களுக்கு. டிரம்மும் கூடையும் மட்டும்தான் என்றால் ஏமாந்துபோகிறார்கள், ஏதோ அவன் எடுத்து ஒளித்துவைத்துவிட்டான் என்று கோபம்கூடப் படுகிறார்கள். ஆனால், இங்கே ரெஜினின் நினைப்பு இடறியது, ஏமாந்தால் என்ன, அந்தப் பெண் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டாளே, அவள் முகம் அப்போது எவ்வளவு நன்றாக இருந்தது, வாய் லேசாகத் திறந்து, கண் ரெண்டும் திரைக்குள்ளே போய். அது பொய்யா? லைட் பொய் சொல்லவில்லை. லைட் எரிந்தது, அவ்வளவுதான். நான் இல்லாவிட்டாலும் அவள் நின்றாள். நான் இல்லாததால்தான் நின்றாளோ என்னவோ. நாலு நாள் உட்கார்ந்து சாக்குக்குப் பின்னால் வைத்தபோது ஒவ்வொரு விரற்கடையிலும் நான் இருந்தேன், பார், பார், இங்கே பார் என்று கையை ஆட்டிக்கொண்டு, அதனால்தான் யாரும் பார்க்கவில்லையோ, கையை ஆட்டுகிறவனைப் பார்த்தால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்களே, பஸ் ஸ்டாண்டில் லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிறவனைக் கண்டால் போவதுபோல. இந்த எண்ணம் அவனுக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. அதனாலேயே அது சரியாக இருக்கலாம் என்று தோன்றியது. சிப்ஸில் உப்பு அதிகம், நாக்கு எரிந்தது, தண்ணீர் குடித்தான், மணி பதினொன்று ஐம்பத்தி நாலு.

பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே கால் வந்துவிட்டது. வசீகரன் நினைத்ததைவிடச் சின்ன வயசு, டி-ஷர்ட், பின்னால் வெள்ளைச் சுவர், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வெளிச்சம், இன்னொரு பக்கத்துக்கு ஒரு சின்ன லைட் வைத்தால் நன்றாயிருக்கும் என்று ரெஜின் நினைத்தான். அக்கா பேசினாள், தாணு அண்ணன் பேசினான், கேம் எத்தனை மணி நேரம், எந்தெந்த மிஷினில் ஓடும், எல்லாவற்றுக்கும் அவர் சரி சரி என்றார், சரி என்கிறவர் காது வேறு எங்கோ இருந்தது. பிறகு, "ரெஜின் நீங்கதானா தம்பி?" என்றார். "ஆமா சார்." இது உண்மை, சுலபமாக வந்தது. "அந்த நடையில சுவருக்குக் கீழ ஒரு லைட் வருதே. நேத்து ராத்திரி என் மனைவியக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அத எப்படி யோசிச்சீங்க?" பெனிலா அக்கா சிரித்துக்கொண்டே, "அவனுக்குக் கொஞ்சம் கூச்சம் சார்" என்றாள், மேஜைக்குக் கீழே அவள் செருப்பு அவன் காலின்மேல் வந்து மெதுவாக அழுத்தியது, மிதிக்கவில்லை, கெஞ்சியது. அவனுக்கு அந்த அழுத்தம் புரிந்தது, எட்டு வருஷம் புரிந்தது, சுசீந்திரம் புரிந்தது. காரணங்கள் நாக்கு நுனிவரை வந்து வரிசையில் நின்றன, எல்லாம் நல்ல காரணங்கள், எதை எடுத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், அந்த ஆள் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. "பதினாலு லைட் வச்சேன் சார்" என்று ஒரு குரல் கேட்டது, அவன் குரல்தான், "நீங்க சொல்லுகது பதினஞ்சாவது. அத நான் வைக்கல்ல. சாமான் அறையில எனக்கு வேலை செய்யப் போட்டிருந்த லைட்டு, அழிக்க மறந்துட்டேன், சுவரத் தாண்டி ஒழுகுது." செருப்பு காலிலிருந்து விலகியது. வசீகரன் கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் கீழே எங்கோ பார்த்தார், வீட்டில் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறவர் மாதிரி. நிறுத்தியிருக்கலாம், அங்கேயே, ஆனால் ரெஜினுக்கு உள்ளே கிடந்தது அது மட்டும் இல்லை. "அதுக்கு முந்தி ஒரு சாக்கு தொங்கும் சார், அதுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு. அத யோசிச்சுத்தான் வச்சேன், நாலு நாளு. பாத்தீங்களா?" "எந்தச் சாக்கு?" என்றார் வசீகரன். கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார், நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து கேட்டார். ஆமா சார் என்று ஒரு வார்த்தை சொல், சொல்லிவிட்டு மைக்கை ஆஃப் பண்ணிவிடு என்றுதான் அக்கா சொல்லியிருந்தாள். அவன் மைக்கை அப்படியே விட்டுவிட்டு, தன் திரையை அவருக்குக் காட்டுகிற பட்டனை அழுத்திக்கொண்டிருந்தான்.